தெருமுனையில் நின்று பாடியவர்கள்: 1950களின் டூ-வாப் காதல் பாட்டுகள்

#1 இரவுப்பணி

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளா உள்ளேயே வெச்சிருந்த விஷயம், இன்னைக்கு இழையா ஆரம்பிச்சிடுறேன்.

எனக்கு நைட் ஷிஃப்ட். விடியக்காலை மூணரைக்கு கேப்ல வீடு திரும்புவேன். மூணு வருஷம் முன்னாடி ஒருநாள், நான் போட்ட பாட்டு முடிஞ்சதும் செயலி தானா அடுத்ததை எடுத்துப் போட்டுச்சு. ஆண் குரல்கள் சேர்ந்து 'ஷூ-டூ, ஷூபி-டூ'ன்னு தாலாட்டு மாதிரி ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் மட்டும் முன்னாடி வந்து பாடுறார். மே மாச ராத்திரி ஒண்ணு, கையில பிடிச்சிருந்த பொண்ணு, அவ்வளவுதான் சங்கதி. சிறுசேரில இருந்து சோழிங்கநல்லூர் வர்றதுக்குள்ள நாலு தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஃபைவ் சாட்டின்ஸ் குழுவோட 'இன் தி ஸ்டில் ஆஃப் தி நைட்', 1956. இப்படி நாலஞ்சு பேர் சேர்ந்து, அர்த்தமில்லாத ஒலிகளைப் பின்னணியா வெச்சுப் பாடுற அமெரிக்கப் பாட்டு வகைக்கு டூ-வாப்னு பேர். எங்க அப்பாவே அப்ப பிறக்கலை. அந்த ஊரை நான் பார்த்ததில்லை, அந்த மக்களோட வாழ்க்கையும் எனக்குத் தெரியாது. ஆனா கேட்கும்போது நானே எதையோ தொலைச்ச மாதிரி இருக்கு. இது ஏன்? அதுலயிருந்து பென்குவின்ஸ், ஃபிளமிங்கோஸ், பிளாட்டர்ஸ்னு மத்த குழுக்களையும் தேடித் தேடிக் கேட்டுட்டிருக்கேன். இதைக் கேட்கிறவங்க இங்க வேற யாராவது இருக்கீங்களா?

#2 பழையதட்டு

இருக்கோம் தம்பி. நாற்பது வருஷமா 45 ஆர்.பி.எம். இசைத்தட்டு (நிமிஷத்துக்கு 45 சுத்து) சேர்க்கிறவன் நான். ஏழு அங்குலத் தட்டு, நடுவுல பெரிய ஓட்டை, அதுல ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையைச் செருகித்தான் சுழலவிடணும். நீங்க சொன்ன பாட்டு என்கிட்ட அப்படித்தான் இருக்கு. ஊசி வெச்சதும் முதல்ல வெறும் கரகரப்பு. அதுக்குள்ளேயிருந்துதான் அந்த 'ஷூ-டூ' எழும்பி வரும். சுத்தம் பண்ணின டிஜிட்டல் பதிவில அந்தக் கரகரப்பு போயிடுது, பாட்டோட பாதி ராத்திரியும் சேர்ந்து போயிடுது.

அது பதிவான கதையைச் சொல்றேன். கனெக்டிகட் மாநிலத்துல நியூ ஹேவன்னு ஒரு ஊர். அங்க செயின்ட் பெர்னடெட் தேவாலயத்தோட அடித்தளத்துல, 1956 பிப்ரவரியில பதிவு பண்ணினாங்க. ஸ்டூடியோவுக்குக் காசு இல்லை. சாக்ஸபோன் வாசிச்சவர் வின்னி மஸெட்டா அந்தத் தேவாலயத்துக்காரர், அவர் கேட்டுத்தான் இடம் கிடைச்சது. பாட்டை எழுதின ஃபிரெட் பாரிஸ் அப்ப ராணுவத்துல சிப்பாய். ராத்திரி காவல் நிக்கிறப்ப எழுதினது. தனியா, துப்பாக்கியோட, இருட்டுல நின்னுக்கிட்டு ஒரு பொண்ணை நினைச்சவனோட பாட்டு அது. அதனாலதான் உங்க விடியக்காலை கேப்ல அது அவ்வளவு பொருந்துச்சுன்னு நினைக்கிறேன்.

முதல்ல இது தட்டோட பின்பக்கத்துலதான் இருந்தது. 'தி ஜோன்ஸ் கேர்ள்'ங்கிறது முன்பக்கம். அமெரிக்க பாப் பாட்டுத் தரவரிசைப் பட்டியல்ல எட்டின உயரம் 24-ஆவது இடம்தான். பாட்டு பிரபலமானப்ப பாரிஸ் ஜப்பான்ல ராணுவப் பணியில இருந்தார். 1959-ல ஆர்ட் லபோங்கிற ரேடியோக்காரர் 'ஓல்டீஸ் பட் குட்டீஸ்'னு ஒரு தொகுப்புத் தட்டு போட்டார். அதுல இந்தப் பாட்டு வந்ததும் மறுபடி உயிர் வந்துச்சு, 1960-லயும் 61-லயும் திரும்பப் பட்டியல் ஏறுச்சு. கவனிங்க, பாட்டு வந்து மூணே வருஷம்தான் ஆகியிருக்கு, அதுக்குள்ள 'பழைய பாட்டு'ன்னு ஏங்க ஆரம்பிச்சுட்டாங்க. பதினாறு வயசுல கேட்டவனுக்குப் பத்தொன்பது வயசுல அது ஏக்கம்.

#3 கொயர்பேஸ்

நான் பாளையங்கோட்டைக்காரன். சர்ச் கொயர்ல இருபது வருசமா பேஸ், அதாவது அடிக்குரல், பாடுதேன். அதனால இந்தப் பாட்டுகளை நான் கேக்கிற விதமே வேற. எல்லாரும் முன்குரலைக் கேப்பாங்க, எனக்குக் காது அடிக்குரல்லயே நிக்கும்.

இதுல பொதுவா நாலஞ்சு குரல். மெயின் பாடுதவர் பெரும்பாலும் டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல். அவருக்கு மேல பொய்க்குரல்ல ஒருத்தர் மிதப்பாரு. நடுவுல ரெண்டாவது டெனரும் பாரிடோனும் (இடைப்பட்ட ஆண்குரல்). கீழ பேஸ். வாத்தியம் வாங்கக் காசில்லாத பையங்க இவங்க. நியூயார்க்ல ஹார்லெம், பிராங்ஸ், அப்புறம் பிலடெல்பியா, பால்டிமோர்னு தெருமுனையில நின்னு பாடினவங்க. பேஸ் கிட்டார் இல்லன்னா 'பாம் பாம்'னு வாயால பாடணும். டிரம்பெட் இல்லன்னா 'வா-வா'. அர்த்தமில்லாத ஒலியாத் தெரியுறது எல்லாமே ஒரு வாத்தியத்துக்குப் பதிலா நிக்குது. நம்ம கொன்னக்கோல்ல மிருதங்கத்தை வாயில கொண்டு வராங்கல்லா, அந்த மாதிரின்னு வெச்சுக்கலாம்.

தாளம் எடுத்துக்கோங்க. மெதுவான காதல் பாட்டுல பியானோ 'தகிட தகிட தகிட தகிட'ன்னு ஒரே சீரா போகும். நாலு அடி, அடிக்கு மூணு தட்டு. சாட்சாத் திஸ்ர நடை. பாட்டு எவ்வளவு மெதுவாப் போனாலும் உள்ளே தொட்டில் ஆடிக்கிட்டே இருக்கிறது அதனாலதான்.

இசைக்கோவை இன்னும் எளிசு. நாலே கோர்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்: சி, ஏ மைனர், எஃப், ஜி. அப்புறம் திரும்ப சி. பாதிப் பாட்டுகள் இந்தச் சக்கரத்துலதான் சுத்துது. ரெண்டாவதா வாற ஏ மைனர்ல மொதல் கோர்டோட ரெண்டு சுரம் அப்படியே இருக்கும், ஒண்ணு மட்டும் நகரும். சந்தோசம் பாதி அழிஞ்சு அழிஞ்சு வாற மாதிரி ஒரு உணர்வு. ஜி வந்ததும் 'வீட்டுக்குப் போகணும்'னு காது கேக்கும். போயிரும். உடனே திரும்பக் கிளம்பிரும். ராத்திரி முழுக்கப் பாடினாலும் இது முடியாது. இரவுப்பணி தம்பி நாலு தடவை கேட்டதுல ஆச்சரியமே இல்ல.

ஸ்டூடியோ எக்கோவும் இல்லாத காலம் அவங்களுக்கு. மாடிப்படிக்கட்டு, பள்ளிக்கூட வராந்தா, சுரங்க ரயில் நிலையம், கழிப்பறைன்னு சுவரு திருப்பிப் பேசுத இடமாப் பாத்துப் பாடுவாங்க. நாங்க நாலு பேரு ஒருநாள் சர்ச் மணிக்கூண்டு படிக்கட்டுல நின்னு பாடிப் பாத்தோம். என் குரல் எனக்கே வேற ஆளு குரல் மாதிரி மேலயிருந்து இறங்கி வந்துச்சு. கீழ மிளகாய் காயவெச்சிட்டிருந்த பாட்டி எந்திரிச்சு வந்து படி வாசல்ல உக்காந்துட்டாங்க.

#4 தர்க்கம்

மன்னிக்கணும், எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. //பாதிப் பாட்டுகள் இந்தச் சக்கரத்துலதான் சுத்துது// இதுதான் என் பிரச்சினையும். நாலு கோர்டு, 'நீ என் தேவதை', 'உனக்காகக் காத்திருப்பேன்'. பத்துப் பாட்டு கேட்டால் பதினோராவது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்காகத் தொழிற்சாலைபோல உற்பத்தி செய்யப்பட்ட சரக்கு. அதே காலத்தில் அதே அமெரிக்காவில் ஜாஸ் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பாருங்கள். நாம் இவற்றில் கேட்பது இசையையா, அல்லது நாம் வாழாத ஒரு காலத்தைப் பற்றிய கற்பனையையா? நேர்மையாகக் கேட்கிறேன்.

#5 ஸ்கார்பரோ_வாசி

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது டொராண்டோவில, வந்து முப்பது வருசமாகுது. தர்க்கம் அண்ணை 'தொழிற்சாலைச் சரக்கு' எண்டு எழுதினதைப் பார்த்திட்டுத்தான் உள்ள வந்தனான்.

தொழிற்சாலை ஒண்டு இருந்தது உண்மை. ஆனா அது எங்க இருந்தது எண்டு பாருங்கோ. பிராங்ஸில இருந்த ஐஞ்சு கறுப்பினப் பெடியள், கோர்ட்ஸ் எண்டு குழுவுக்குப் பேர், 1954இல 'ஷ்-பூம்' எண்டொரு பாட்டைத் தாங்களே எழுதிப் பாடினவை. அதுவும் பின்பக்கப் பாட்டுத்தான். அது ஏறத் தொடங்கின உடன மெர்க்குரி எண்ட இசைத்தட்டுக் கொம்பனி ஒரு வெள்ளையினக் குழுவைக் கொண்டு அதே பாட்டைப் பாடுவிச்சு வெளியிட்டது. அதுதான் முதலாம் இடத்துக்குப் போய் வாரக்கணக்கா இறங்காமல் நிண்டது. அந்தக் குழு குரூ-கட்ஸ். அவை ஆர் தெரியுமோ? இந்த டொராண்டோப் பெடியள்தான். இங்க செயின்ட் மைக்கேல்ஸ் எண்ட கத்தோலிக்கப் பாடகர் பள்ளிக்கூடத்தில படிச்சவை. நான் அந்தப் பக்கத்தால வேலைக்குப் போற நேரமெல்லாம் இது ஞாபகம் வரும்.

ரெண்டையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போட்டுக் கேட்டுப் பாருங்கோ. டொராண்டோக்காரர் பிழையாப் பாடேல்லை, நல்ல பயிற்சி உள்ள குரல்கள். ஆனா கோர்ட்ஸ் பாடேக்க ஆளையாள் முந்திக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுற மாதிரி இருக்கும். ஒரு சந்தியில நிண்டு பாடின பழக்கம் குரலுக்க கிடக்குது. மற்றதில அது இல்லை.

அடுத்த வருசம் பென்குவின்ஸின்ர 'எர்த் ஏஞ்ச'லையும் இதே குரூ-கட்ஸ் பாடினவை. பாப் பட்டியலில மூலம் எட்டாம் இடம், நகல் மூண்டாம் இடம். மூன்குளோஸின்ர 'சின்சியர்லி'க்கும் அதே கதைதான், மக்கைர் சகோதரிகளின்ர நகல் முதலாம் இடம். வானொலி நிலையங்கள் கறுப்பினக் குரலைப் போடாமல் வெள்ளைக் குரலைப் போட்ட காலம். இண்டைக்கு எழுபது வருசம் கழிச்சு சனம் தேடிக் கேக்கிறது எதை? பெடியள் தாங்களே பாடின தட்டைத்தான். அதுக்குக் கோர்டு எத்தனை எண்டு எண்ணத் தேவையில்லை, அண்ணை.

#6 இரவுப்பணி

ஸ்கார்பரோ அண்ணா, ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். நீங்க சொன்ன சிரிப்பு நிஜமாவே கேட்குது. இத்தனை நாளா நான் 'ஷ்-பூம்'னு கேட்டுட்டிருந்தது நகல்னு இப்பத்தான் தெரியுது. என் பட்டியல்ல மாத்திட்டேன்.

#7 இரண்டாம்குரல்

இழை நல்லாப் போகுது. ஆனா ஆறு பதிவு வந்தும், நகல் பாடின மக்கைர் சகோதரிகளைத் தவிர, ஒரு பொண்ணு பேர் கூட வரலையே!

சான்டெல்ஸைக் கேட்காம இந்தப் பேச்சு நிறையாது. பிராங்ஸ்ல செயின்ட் அந்தோணி ஆஃப் படுவா பள்ளியில ஒண்ணா கொயர் பாடின பொண்ணுங்க. சின்ன வயசுல இருந்தே லத்தீன் வழிபாட்டுப் பாட்டுல பழகின குரல்கள். முன்குரல் ஆர்லீன் ஸ்மித், 'மேபி' பதிவானப்ப அவங்களுக்குப் பதினாறு வயசு. பாட்டு முழுக்க 'ஒருவேளை' தான். ஒருவேளை நான் தினமும் வேண்டிக்கிட்டா நீ திரும்பி வருவியோங்கிற மாதிரி. அந்தப் பொண்ணு உச்சத்துல குரலைத் திறக்குற இடம் இருக்கே, அங்க கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை, கோயில்ல சாமி முன்னாடி நிக்கிற குரல் அது. பின்னாடி இருக்கிற பொண்ணுங்க அவசரமே படாம அவளைத் தாங்கிப் பிடிக்கிறாங்க. நானும் கொயர்ல ரெண்டாவது வரிசைதான். முன்னாடி நிக்கிறவ உடைஞ்சு போற நேரத்துல பின்னாடி இருக்கிறவங்க சுரம் பிசகாம நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

அடுத்து ஷிரெல்ஸ். நியூ ஜெர்சி பசேய்க்ல பள்ளித் தோழிகள். 1961 ஜனவரியில 'வில் யூ லவ் மீ டுமாரோ' முதலிடம் போச்சு, கறுப்பினப் பெண்கள் குழு ஒண்ணு அமெரிக்கப் பட்டியல்ல முதலிடம் பிடிச்சது அதுதான் முதல் தடவை. இசை போட்ட கேரல் கிங்குக்கு அப்ப பதினெட்டு வயசு, வரிகள் ஜெரி காஃபின். பையங்க பாட்டுல எல்லாம் 'உன்னை என்றைக்கும்' வரும். இதுல ஒரு பொண்ணு 'நாளைக்கு?'ன்னு கேட்கிறா. தர்க்கம் சார், பதினோராவது பாட்டு எப்படி இருக்கும்னு தெரியும்னீங்களே, இந்தக் கேள்வியை எதிர்பார்த்தீங்களா?

#8 வானொலி_ரசிகர்

எனக்கு வயது எழுபத்தெட்டு. திருச்சியில் பிறந்து வளர்ந்தேன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லாரும் தேடிக் கண்டடைந்த பாட்டுகள் எங்களிடம் தாமாகவே வந்தன. எங்கள் எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அவர்கள் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பை வைப்பார்கள். சிற்றலை ஏறும், இறங்கும். நாங்கள் இந்தப் பக்கத் திண்ணையில் உட்கார்ந்து கேட்போம். அப்படித்தான் பிளாட்டர்ஸ் எனக்கு அறிமுகம். ஆங்கிலம் புரியாத வயது. 'ஒன்லி யூ' பாட்டில் அவர்களின் முன்குரல் டோனி வில்லியம்ஸ் 'ஒன்லி'யின் முதல் எழுத்தை விக்கலைப் போல உடைத்து மேலே கொண்டுபோவாரே, அதை என் தம்பி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே திரிவான். அவன் இப்போது இல்லை. 'ஒன்லி யூ' எங்கே ஒலித்தாலும் எனக்கு அவன் குரலில்தான் கேட்கிறது.

அவர்களின் 'ஸ்மோக் கெட்ஸ் இன் யுவர் ஐஸ்' 1933-இல் மேடை நாடகத்துக்கு எழுதப்பட்ட பாட்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். கால் நூற்றாண்டு கழித்து இவர்கள் பாடி 1959-இல் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே எங்கள் வயதுக்காரர்களின் 'புதுப் பாட்டு'ம் வேறு யாருக்கோ பழைய பாட்டாக இருந்திருக்கிறது.

#9 பழையதட்டு

ஐயா, உங்க பதிவைப் படிச்சிட்டு பிளாட்டர்ஸ் தட்டை எடுத்துப் போட்டுட்டுத்தான் எழுதறேன்.

பிளாட்டர்ஸ் பேச்சு வந்தா பென்குவின்ஸ் கதையையும் சொல்லியாகணும். லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு வீட்டோட கார் ஷெட்ல, 1954-ல 'எர்த் ஏஞ்சல்' பதிவாச்சு. டிரம்ஸ் சத்தம் குரலை மூழ்கடிக்காம இருக்கத் தலையணை வெச்சு அமுக்கினாங்க. பக்கத்து வீட்டு நாய் குரைச்சா நிறுத்திட்டு முதல்ல இருந்து பாடணும். அது வெறும் டெமோ, ஒரு முன்னோட்டப் பதிவுதான், வாத்தியம் எல்லாம் அப்புறம் சேர்க்கிறதா இருந்தாங்க. ஆனா கேட்டவங்க கொடுத்த வரவேற்பைப் பார்த்துட்டு அப்படியே தட்டாப் போட்டுட்டாங்க. கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியல்ல முதலிடம்.

உடனே மெர்க்குரி கம்பெனி பென்குவின்ஸைக் கேட்டுச்சு. அவங்க மேலாளர் பக் ராம், 'இவங்க வேணும்னா என்னோட இன்னொரு குழுவையும் சேர்த்து எடுத்துக்கணும்'னார். அந்த இலவச இணைப்புதான் பிளாட்டர்ஸ். அவங்க உலகப் புகழ் அடைஞ்சாங்க. யாரைக் கேட்டு வந்தாங்களோ அந்த பென்குவின்ஸுக்கு அப்புறம் நாடு தழுவின வெற்றி ஒண்ணுகூட அமையலை. இந்தக் கதை எத்தனை தடவை நினைச்சாலும் எனக்கு மனசு ஆறாது.

இன்னொரு விஷயம், குழுக்களுக்குப் பறவைப் பேர் வைக்கிறது அப்ப வழக்கம். ஓரியோல்ஸ், ரேவன்ஸ், லார்க்ஸ், ஃபிளமிங்கோஸ். நம்ம மொழியில மாங்குயில், அண்டங்காக்கை, வானம்பாடி, பூநாரை. பென்குவின்ஸ் மட்டும் சிகரெட் பாக்கெட்ல இருந்த பென்குவின் படத்தைப் பார்த்து வெச்சுக்கிட்ட பேர். இந்தப் பாட்டு வகைக்கே முன்னோடிகள்ல ஒண்ணு பால்டிமோர் ஓரியோல்ஸ், 1948-ல 'இட்ஸ் டூ சூன் டு நோ'. அங்கேயிருந்து கேட்க ஆரம்பிங்க.

ஒரு குழுவுக்கு முன்குரல் பாடின சின்னப் பையன் ஃபிராங்கி லைமனைப் பத்தி ஒரு வரியாவது எழுதணும். 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' 1956-ல வந்தப்ப அவனுக்குப் பதிமூணு வயசு. 1968-ல, இருபத்தஞ்சு வயசுல, ஹெராயின்ல செத்துப்போனான், ஹார்லெம்ல பாட்டி வீட்டுல. அந்தப் பாட்டை எழுதினது நாங்கதான்னு குழுவில இருந்த ஹெர்மன் சான்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்ட்டும் வழக்குப் போட்டாங்க. 1992-ல ஜூரி அவங்க பக்கம் தீர்ப்பு சொன்னாங்க. 1996-ல மேல்முறையீட்டுல அது போச்சு. எழுதலைன்னு சொல்லித் தள்ளலை. வழக்குப் போட வேண்டிய மூணு வருஷக் கெடு தாண்டிடுச்சாம்.

#10 தர்க்கம்

இரண்டாம்குரல், 'மேபி' கேட்டேன். நீங்கள் சொன்ன இடம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஷிரெல்ஸின் கேள்வியை எதிர்பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரும்பாலான பாட்டுகளின் வரிகள் மெலிந்தவை என்ற கருத்தில் இன்னும் நிற்கிறேன். ஆனால் வரிகளைக் கொண்டு மட்டும் இவற்றை எடைபோட்டது என் தவறு. கொயர்பேஸ் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இசையாக மட்டும் கேட்பதற்கு ஒரே ஒரு பாட்டைச் சொல்லுங்கள்.

#11 கொயர்பேஸ்

யோசிக்கவே வேண்டாம். ஃபிளமிங்கோஸ், 'ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ', 1959.

1934-ல ஒரு சினிமாவுக்கு எழுதின பாட்டு அது. டெர்ரி ஜான்சன்ங்கிற அவங்க ஆளு அதைக் கழட்டித் திரும்பக் கட்டினாரு. அந்த அமைப்பு தூக்கத்துல கனவுல கேட்டதுன்னு அவரே சொல்லியிருக்காரு. கேட்டாலே நம்புவீங்க. ஹெட்ஃபோன் போட்டு, வெளக்கை அணைச்சிட்டுக் கேளுங்க. தொடக்கத்துல கோர்டு அசையாம ஒரே இடத்துல தட்டிக்கிட்டே நிக்கும். முன்குரல் நேட் நெல்சன் கிட்டத்தட்ட பேசுத மாதிரிப் பாடுதாரு. திடீர்னு பக்கவாட்டுல இருந்து 'டூ-பாப் ஷ்-பாப்'னு மத்தவங்க வருவாங்க, எக்கோ தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி. நிலா இருக்கான்னு தெரியல, வானத்துல மேகமான்னு தெரியல, உன்னைத் தவிர எதுவும் தெரியலன்னு பாட்டு சொல்லுது. பின்னணியும் அதையேதான் பண்ணுது, உலகம் முழுசும் மங்கி அந்தக் குரல் ஒண்ணு மட்டும் தெளிவா நிக்குது. நான் இதோட பேஸ் பகுதியைத் தாள்ல எழுதிப் பாத்தேன். ரொம்பக் கொஞ்சம் சுரம்தான். அவ்வளவு கொஞ்சத்தை வெச்சு நிறுத்த எனக்கு இன்னும் தைரியம் வரல.

#12 இரவுப்பணி

நேத்து லீவு. ராத்திரி சாப்பிட்டுட்டு, ஸ்பீக்கர்ல ஃபைவ் சாட்டின்ஸ் போட்டேன். அம்மா அடுத்த நாளுக்குக் கீரை ஆய்ஞ்சிட்டிருந்தாங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. முதல் தடவை ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை ஓடுறப்ப கையை நிறுத்திட்டு, "பின்னாடி பாடுறாங்களே, அவங்கள்லாம் யாருடா?"ன்னு கேட்டாங்க.

மூணு வருஷமா கேட்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோணினதே இல்லை. ஃபிரெட் பாரிஸ் பேர் மட்டும்தான் தெரியும். பழையதட்டு சார், உங்களுக்குத் தெரியுமா? அம்மாவுக்குச் சொல்லணும்.

#13 பழையதட்டு

தெரியும் தம்பி. குழுவோட பேர்லதான் அஞ்சு. அன்னைக்கு அந்தத் தேவாலய அடித்தளத்துல பாடினது நாலு பேர்தான். முன்குரல் ஃபிரெட் பாரிஸ். டெனர் ஆல் டென்பி, பாரிடோன் எட் மார்ட்டின், பேஸ் ஜிம் ஃபிரீமன். பியானோ ஜெஸ்ஸி மர்ஃபி.

அம்மாகிட்ட சொல்லிடுங்க.